மஞ்சள் பொத்தான்

நவம்பர் கடைசியில் சூரியன் போனது.
மறுவாரமே ஐலர்ட் ஒரு கணினி கட்டத் தொடங்கினான்.
த்ரொம்ஸோவில் இது புதிதில்லை.
இருட்டுக் காலத்தில் ஆளாளுக்கு எதையாவது கட்டுவார்கள்.
மேல்வீட்டு ஹோகொன் மூன்று வருடமாகப் படகு கட்டுகிறான்,
நிலவறையில்,
அதன் கதவைவிடப் பெரிதாய்.

எங்களுடையது ரொட்டிப் பெட்டி அளவுதான்.
விசிறி முனகக் கூடாதென்று அடியில் ரப்பர் வைத்தான்.
முகப்பில் மிளகளவு ஒரு கறுப்புக் கண்.
ரிமோட் பழைய சாமான் கடையில் இருபது குரோனருக்கு வாங்கியது.
அதன் டிவி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ!
ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி
திரையில் வந்த எண்ணைக் குறித்து
எண்ணுக்கு எதிரே ஒரு வேலை எழுதினான்.
பச்சைக்கு வசனவரி.
சிவப்புக்கு உறக்கம்.
நீலத்தைத் தொடாதே என்றான், காரணம் சொல்லாமல்.
மஞ்சளைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
எங்கள் ராத்திரிப் படம் காலை பதினொன்றுக்கு.
ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீலம்,
மற்றபடி ராத்திரிதான்.
கையில் போர்வைச் சூடு ஆறுமுன்னே கண்ணயர்வேன்.
விழித்தால், படம் விட்ட இடத்திலேயே நிற்கும்:
அதே ஏணி, அதே ஆள், அதே மூன்றாவது படி.
ஒரு நொடிதான் போலிருக்கிறது
என்று நினைத்துக்கொள்வேன்.
நான் அதிகம் தூங்குவதில்லை என்று
வேலையிடத்தில் பெருமையடித்ததும் உண்டு.

ஜனவரி இருபத்தொன்று. ரிமோட் செத்தது.
பேட்டரி மாற்றினான்.
பிறகு கடிகாரத்துப் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டான்.
கைபேசிக் கேமராவை அதன் மூக்குக்கு நேரே பிடித்தான்.
நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்
அதில் ஊதா மினுக்காய்த் தெரியுமாம்.
தெரிந்தது.
"இது பேசுகிறது. அதுக்குத்தான் காது கேட்கவில்லை"
என்றான்.
விசைப்பலகையை மடியில் இழுத்து
கோப்பைத் திறந்தான், வரிசை வரிசையாக.
நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் எண்ணுக்கு எதிரே
என் பெயர்.
ஒரு கீழ்க்கோடு.
தூங்கினாள்.

முதல் அழுத்தலுக்கு இடத்தைக் குறித்துக்கொள்.
இரண்டாவதுக்கு அங்கே திரும்பிப் போ.
அவ்வளவுதான் அந்த வரி.

அப்படியென்றால் டிசம்பர் முழுக்க
எல்லாப் படத்தின் நடுவயிற்றையும்
இரண்டு தடவை பார்த்திருக்கிறான் இந்த மனுஷன்.
ஏணியிலிருந்து அந்த ஆள் விழுவது தெரிந்தே
என்னோடு சேர்ந்து
"ஐயோ" என்றிருக்கிறான்.

அவன் இன்னும் எண்களில் குனிந்திருந்தான்.
அவன் பிடரி சிவந்திருந்தது.
வெட்கமோ என்று பார்த்தேன்.
வெட்கமில்லை.
தெற்கு மலையிடுக்கில் ஒரு துண்டு
ஜன்னல் வழியாக, சோபாவைத் தாண்டி,
எங்கள் இருவர் தலைக்கும் நடுவே நீண்டு
நேராய் அந்த மிளகுக் கண்ணில் விழுந்திருந்தது.

"ஐலர்ட், திரும்பிப் பார்."

திரும்பினான்.
எட்டு வாரம் கழித்து வந்ததும்
எங்கள் பக்கமே உட்கார்ந்து
எல்லாப் பொத்தானையும் ஒன்றாய் அழுத்திக்கொண்டிருந்தது அது.
பாவம் கணினி, எதைக் கேட்கும்?

நாலு நிமிடம். மலை மூடிக்கொண்டது.
ரிமோட் சொன்னபடி கேட்டது.
இடையில் அழுத்தியதெல்லாம் எங்கும் சேர்ந்திருக்கவில்லை.

கீழே குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.
ஹோகொன் சூரிய பன் ஒரு பெட்டி கொண்டுவந்தான்,
ஜாம் வழிய வழிய.
தின்று முடித்ததும் ஐலர்ட் பெட்டியைக் கத்தரித்தான்,
கறுப்புக் கண்ணுக்கு மேலே ஒட்ட
ஓர் அட்டைப் புருவம்.
"நாளைக்கு இன்னும் கூடுதலாக நிற்கும்" என்றான்.
"மார்ச்சில் கேட்கவே வேண்டாம்."

புருவத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது.
நான் சொல்லவில்லை.
மஞ்சளைப் பார்த்துவிட்டதையும்.
சோபாவில் சாய்ந்து
இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே
கண்ணை மூடிக்கொண்டேன்.